பன்னிரண்டாம் மனைக்கு மூன்று வாசல்

கரட்டுப்புதூரில் சர்க்கார் கொடுத்த பன்னிரண்டாம் நம்பர் மனையில், நாலு மூலைக்கும் நாலு கல்லை ஊன்றி, நடுவில் மூன்று கல்லைக் கூட்டி, மலையம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வருகிற நேரத்தில் மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். மூலைக்கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "தாயீ, கோவிச்சுக்கிராதீக. நீங்க என் அடுப்பங்கரையில உக்காந்திருக்கீக" என்றார்.

வந்தவர் பெயர் ஆதித்தன். தேவதானப்பட்டிக்காரர். மாந்தோப்பில் காவல் வேலை. பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய பட்டா நகலில், 'பெரியகுளம் வட்டம், கரட்டுப்புதூர், மனை எண் 12' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே அவர் பெயரை மையால் எழுதி மூன்று முத்திரை குத்தியிருந்தார்கள். மலையம்மாள் தன் ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்த நகலில், 'உத்தமபாளையம் வட்டம், கரட்டுப்புதூர், மனை எண் 12' என்று இருந்தது. அதே மூன்று முத்திரை. மனையின் படம்கூட அதேதான். வடகிழக்கு மூலையில் நிற்கும் வேப்பமரம் இரண்டு தாளிலும் நின்றது.

"பெரியகுளம் வட்டத்துல கரட்டுப்புதூர்னு ஒரு ஊரே கிடையாது தாயீ. மூணு நாளா கரடு கண்ட இடமெல்லாம் ஏறி இறங்கிட்டேன். கடைசியில பஸ் கண்டக்டர்தான், அந்தப் பேர்ல ஒரு ஊரு சின்னமனூர்ப் பக்கம் இருக்குன்னு சொன்னாரு."

"அப்ப அந்தக் கண்டக்டர்கிட்டயே பட்டா வாங்கியிருக்கலாம்ல?" என்றாள் மலையம்மாள்.

இரண்டு பேருமே சண்டைக்குப் பழக்கமில்லாத ஆட்கள். அதனால் பால் வீணாகாமல் இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். ஆதித்தன் தன் மனையில் குடிப்பதாக நினைத்துக் குடித்தார். மலையம்மாள் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் அன்றிலிருந்து மலையம்மாளுக்கு உறக்கம் போயிற்று. பதினெட்டு வருஷமாகத் திராட்சைத் தோட்டத்துக் குடிசையில் இருக்கிறாள். தோட்டம் கைமாறிவிட்டது, வாங்கியவர் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மனைப் பட்டாவின் பின்பக்கமோ, 'சரிபார்க்கப்பட்ட நகலை மார்கழி முடிவதற்குள் ஒப்படைக்காதவர்களின் மனை ரத்து செய்யப்படும்' என்று சொன்னது. மனை போனால் தாயும் மகளும் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

மகள் பஞ்சம்மாள். வயது இருபது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்னமனூரில் கிருபாவதி நடத்திய பிரவுசிங் சென்டரில் தூசி தட்டவும், வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதவும் வேலைக்குச் சேர்ந்தவள், தூசி தட்டத் தட்டக் கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிற பெண்.

அந்த 2008-ஆம் வருஷம்தான் மனைப் பட்டாக்களையெல்லாம் 'நிலக்கண்' என்ற இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் போட்டு எடுத்த நகல் சரிதானா என்று பார்ப்பதற்காகவே தேனியில் மாவட்ட மின்முகவரிச் சரிபார்ப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். இரண்டு நகலையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் தேனிக்குப் பஸ் ஏறினார்கள்.

சரிபார்ப்புப் பிரிவு, முன்பு பஞ்சுப் பொதி அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் இருந்தது. கிட்டங்கியைப் பலகை அடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறையாக்கியிருந்தார்கள். தெருவிலிருந்து முதல் அறை. அதற்குள் நுழைந்தால் இரண்டாவது. இரண்டாவதற்குள் நுழைந்தால்தான் மூன்றாவது. முதல் அறையில் வட்டத்தின் எண்ணைச் சரிபார்த்தார்கள். இரண்டாவதில் ஊரின் எண். மூன்றாவதில் மனையின் எண். எந்த அறையிலாவது எண் பேரேட்டில் இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று முத்திரை விழும். முத்திரை விழுந்தவர் மறுபடி தெருவுக்குப் போய் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். இவர்களுக்கு முன்னால் போன போடிக்காரர் ஒருவர், அவருடைய எண் இருந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால், "நீங்க கிடைக்கலை, வெளிய போங்க" என்று அனுப்பப்பட்டார். "நான் இங்கனதானய்யா நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் மூன்று வாசலையும் தாண்டி வெளியே போனார்.

முதல் அறையில் மலையம்மாள் "மூணு" என்றாள். எழுத்தர் பேரேட்டில் மூன்று இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. 'உள்ளது' என்று முத்திரை குத்தினார். ஆதித்தன் "ஒண்ணு" என்றார். ஒன்றும் இருந்தது. 'உள்ளது.' இரண்டாம் அறையில் இருவரும் "நாப்பத்தொண்ணு" என்றார்கள். 'உள்ளது', 'உள்ளது.' மூன்றாம் அறையில் இருவரும் "பன்னெண்டு." 'உள்ளது', 'உள்ளது.' ஆக, ஏற்கெனவே மூன்று முத்திரையோடு வந்த இருவரும் ஆறு முத்திரையோடு நின்றார்கள். சிக்கல் முன்னைவிட உறுதியாகிவிட்டது.

பஞ்சம்மாள் இரண்டு தாளையும் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் அறைக்குத் திரும்பி வந்து எழுத்தரிடம் கேட்டாள்.

"சார், இந்த ஊரு இந்த வட்டத்துலதான் இருக்கான்னு பாக்க மாட்டீகளா?"

"வட்டம் முதல் ரூம்மா. நான் ஊரு."

"இல்ல சார், ரெண்டையும் சேத்துப் பாக்குறது யாரு?"

எழுத்தர் பின்னால் திரும்பி, அறைகளுக்கு நடுவிலிருந்த பலகையை விரலால் தட்டிக் காட்டினார்.

"ரெண்டுக்கும் நடுவுல இதுதான் இருக்கு. இதுகிட்டக் கேளு."

சத்தம் கேட்டு கண்காணிப்பாளர் பலவேசம் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றுக்கும் மூடி இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகப் பேசினார்.

"அம்மா, இந்தப் பிரிவு ஆரம்பித்து ஏழு மாதமாகிறது. இதுவரை பதினோராயிரம் எண்களைச் சரிபார்த்திருக்கிறோம். இல்லாத எண் ஒன்றைக்கூட நாங்கள் உள்ளே விட்டதில்லை. மூன்று என்று ஒரு எண் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. நாற்பத்தொன்று? இருக்கிறது. பன்னிரண்டு? இருக்கிறது. இருக்கிற மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஒரு தப்பு எப்படி நடக்க முடியும்? தப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது எங்கள் எண்களில் இல்லை. உங்கள் நிலத்தில் இருக்கிறது. நிலத்தைச் சரிபார்க்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

வரிசையில் நின்ற ஒருவர் கை தட்டினார். தன் முறை சீக்கிரம் வரும் என்று நினைத்திருப்பார் போல.

திரும்பி வரும் பஸ்ஸில் பஞ்சம்மாள் இரண்டு தாளையும் மடியில் வைத்து எண்களை ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். மறுநாள் காலையில் பிரவுசிங் சென்டரைத் திறந்து, பெருக்கி, சாமி படத்துக்குப் பதிலாக அங்கே மாட்டியிருந்த பைபிள் வசன காலண்டரில் தேதியைக் கிழித்துவிட்டு, ஓரத்து மிஷினில் உட்கார்ந்தாள். நிலக்கண்ணில் அம்மாவின் மனையைத் திறந்தாள்.

திரையின் உச்சியில் நீளமாக ஒரு முகவரி இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், வட்டம், சாய்கோடு, 3. ஊர், சாய்கோடு, 41. மனை, சாய்கோடு, 12. கிட்டங்கி அறைகளைப் போலவே ஒன்றுக்குள் ஒன்று. பஞ்சம்மாள் அந்த 3-ஐ அழித்துவிட்டு 1 என்று அடித்தாள். பக்கம் திறந்தது. 'பெரியகுளம் வட்டம், கரட்டுப்புதூர், மனை எண் 12.' ஆதித்தனின் தாள்! 1-ஐ அழித்து 5 போட்டாள். கரட்டுப்புதூர் ஆண்டிபட்டி வட்டத்துக்குப் போய்விட்டது. வேப்பமரமும் கூடவே போயிற்று. இல்லாத எண்ணாக 77 போட்டுப் பார்த்தாள். 'கிடைக்கவில்லை' என்றது. ஆறே மனை உள்ள ஒரு ஊரின் எண்ணைப் போட்டு, மனை 300 என்று அடித்தாள். வேறு ஏதோ ஊரில் முந்நூறாம் மனை இருந்ததால் அதுவும் திறந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆதித்தனுக்குச் சர்க்கார் கொடுத்த ஊரின் எண் பதினான்காகத்தான் இருக்க வேண்டும். நகல் எடுத்த எழுத்தர் 14 அடிப்பதற்குப் பதிலாக 41 அடித்திருக்கிறார். 'அந்த ஊர் இந்த வட்டத்தில் இல்லையே' என்று நிலக்கண் கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். அது கேட்கவில்லை. கேட்பதற்கு அதனிடமும் பலகைதான் இருந்தது.

நிலக்கண்ணை எழுதியது வேறு யாருமில்லை; கிருபாவதியின் தம்பி கார்த்திக்ராஜ்தான். மதுரையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சரிபார்ப்புப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா கடைக்கு வருவான். பஞ்சம்மாளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவான். எழுத்துத் தேய்ந்துபோன ஒரு கீபோர்டை, "வீட்டுல வச்சு விரலைப் பழக்கு" என்று கொடுத்தவன் அவன். கரண்டு இல்லாத குடிசையில், எந்த மிஷினோடும் சேராத அந்தக் கீபோர்டைப் பாயில் வைத்து இரண்டு வருஷமாக அவள் விரலைப் பழக்கியிருந்தாள். உலகத்தில் அவளுக்கு ஒரு காரியம் சொல்லிக் கேட்க ஆள் உண்டென்றால் அது கார்த்திக்ராஜ்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை ஓரத்து மிஷினுக்குக் கூப்பிட்டு 3-ஐ அழித்து 1 போட்டுக் காட்டினாள். 5 போட்டுக் காட்டினாள். கார்த்திக்ராஜ் தானும் ஒருமுறை அடித்துப் பார்த்தான்.

"ஒவ்வொரு நம்பரும் இருக்கான்னு செக் பண்றேனே" என்றான். "அந்த மூணு ரூமைப் பாத்துத்தான் தங்கச்சி இந்த புரோகிராமையே எழுதுனேன். முதல் ரூம் என்ன செய்யுதோ அது, ரெண்டாவது ரூம் என்ன செய்யுதோ அது."

"அதாண்ணே தப்பு." பஞ்சம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பலகையைப் பற்றிச் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. பிறகு எதிர்த் தெருப் பால்வாடி கண்ணில் பட்டது. "இப்ப பால்வாடியில சாயங்காலம் பிள்ளைகளை அனுப்புறாகல்ல. வாசல்ல நிக்கிற ஆயா, 'நீ ஒரு தாயா?'ன்னு கேக்குது. ஆமாங்குது ஒருத்தி. 'உள்ள ஒரு பிள்ளை இருக்கா?'ங்குது. இருக்கு. 'சரி, கூட்டிட்டுப் போ'ன்னு விட்டா எப்படிண்ணே? இந்தப் பிள்ளைக்கு இந்தத் தாயான்னு கேக்க வேண்டாமா?"

கார்த்திக்ராஜ் பேனாவை எடுத்து உள்ளங்கையில், 'இந்தப் பிள்ளைக்கு இந்தத் தாயா' என்று எழுதிக்கொண்டான்.

"எம்.சி.ஏ. மூணு வருஷத்துல எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரலை. நீ இங்கன தூசி தட்ட வேண்டிய ஆளே இல்ல. நம்ம பிரிவுல ஆப்பரேட்டர் வேலை ஒண்ணு காலியாருக்கு. நீ கண்டுபிடிச்சதை உன் கைப்பட ஒரு லெட்டரா எழுதிக் கொடு. எண்ணை எப்படி மாத்துன, என்ன திறந்துச்சு, எல்லாம் எழுது. நான் பலவேசம் சார்கிட்டக் கொடுத்து உன் பேரைச் சொல்றேன். மனையும் சரியாயிரும், வேலையும் கிடைச்சிரும்."

"அம்மா மனை மார்கழிக்குள்ள..."

"அது என் பொறுப்புங்கறேன்ல. அதுவரைக்கும் வெளியில மூச்சு விட்றாத, என்ன?"

பஞ்சம்மாள் மூச்சு விடவில்லை. ஆதித்தனிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதினாள். 'நான் முகவரியில் உள்ள எண்ணை மாற்றிப் பார்த்தேன். எனக்கு உரிமையில்லாத பக்கங்கள் திறந்தன.' கையெழுத்து மணிமணியாக இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கீழே பெயர், ஊர், அம்மாவின் மனை விவரம் எல்லாம் எழுதி, கார்த்திக்ராஜின் கையில் கொடுத்தாள். அவன் அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டான். இவ்வளவு மரியாதையாக யாரும் அவள் எழுத்தை வாங்கிக்கொண்டதில்லை.

பத்து நாள் கழித்து சரிபார்ப்புப் பிரிவில் சீர்திருத்தம் வந்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. மலையம்மாளும் ஆதித்தனும் பஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு மறுபடி தேனிக்குப் போனார்கள். சீர்திருத்தம் உண்மைதான். அறைகளுக்கு நடுவிலிருந்த இரண்டு வாசல்படிகளிலும் ஒவ்வொரு முக்காலியைப் போட்டு, 'இடைநிலைச் சரிபார்ப்பு உதவியாளர்' என்று புதிதாக இருவரை உட்கார வைத்திருந்தார்கள். வாசலே குறுகல், முக்காலியும் ஆளும் போக மிச்சமிருந்த இடத்தில் ஒருச்சாய்ந்துதான் நுழைய முடிந்தது. உடம்பு பருத்த மனுதாரர்களின் காகிதத்தை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

முதல் வாசல்படி உதவியாளர் ஆதித்தனின் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முதல் ரூம் முத்திரை காஞ்சிருக்கு. சரி, போங்க."

"ஐயா, பெரியகுளம் வட்டத்துல இந்த ஊரு இல்லைய்யா" என்றார் ஆதித்தன். "நானே சொல்றேன், என்னை உள்ள விடாதீக!"

"முத்திரை காஞ்சிருச்சான்னு பாக்கச் சொல்லித்தான் எனக்கு ஆர்டர். ஈரமா இருந்தா அடுத்த ரூமு முத்திரையில ஒட்டிக்கிருதாம். காஞ்சிருக்கு. நீங்க போகத்தான் வேணும்."

"போகமாட்டேன்."

"போகலேன்னா வரிசை நிக்கும்யா. ஏலே, அவரைப் பிடிச்சு உள்ள தள்ளு!"

தள்ளினார்கள். ஆதித்தன் அழாத குறையாக மூன்று அறையும் போய், இப்போது ஒன்பது முத்திரையோடு திரும்பி வந்தார். "இனிமே நானே நினைச்சாலும் அந்த மனை என்னோடது இல்லைன்னு சொல்ல முடியாது போல தாயீ" என்றார்.

மலையம்மாள் மகளைப் பார்த்தாள். பஞ்சம்மாளுக்கு உள்ளுக்குள் கலவரமாகத்தான் இருந்தது. ஆனால் இது கிட்டங்கியில் நடப்பது. அங்கே முக்காலி போட்டவர் பலவேசம். மிஷினில் சரி செய்யப் போகிறவர் கார்த்திக் அண்ணன் அல்லவா! "பொறும்மா, அண்ணன் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். மலையம்மாளுக்கு விவரம் புரியாவிட்டாலும், மகள் ஒரு ஆளை இவ்வளவு நம்பிப் பேசுவதைக் கேட்டுச் சமாதானமாயிற்று.

மார்கழி பிறந்தது. சரிபார்ப்புப் பிரிவுக்கு மாநில அளவில் பாராட்டுப் பட்டயம் கிடைத்திருப்பதாகவும், தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா என்றும் கிருபாவதி சொன்னாள். "என் தம்பிக்குச் சால்வை போடுறாகளாம் பஞ்சு. நீயும் உங்கம்மாவும் வாங்க." பஞ்சம்மாள் ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். பெயரைக் கூப்பிட்டால் மேடைக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பார்த்து வைத்துக்கொண்டாள். இடது பக்கம் படி இருந்தது. நாலு படி.

கார்த்திக்ராஜ் பேசினான். "இணையதளத்தில் முகவரி என்பது ஒரு குடும்பம். வட்டம் தாய் என்றால் ஊர் பிள்ளை. ஊர் தாய் என்றால் மனை பிள்ளை. பால்வாடியில் ஆயா என்ன கேட்க வேண்டும்? இந்தப் பிள்ளைக்கு இந்தத் தாயா என்று கேட்க வேண்டும். ஒருநாள் ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது இந்த உண்மை எனக்குப் புலப்பட்டது." மண்டபம் தட்டியது. பஞ்சம்மாளும் தட்டினாள். முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் என் பேரைச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். அவன் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அடுத்துப் பலவேசம் எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"நமது முறையில் குறை இருப்பதாகச் சிலர் வதந்தி பரப்புகிறார்கள். இத்தனை மாதமாக ஆயிரக்கணக்கான பேர் வந்து போனார்கள். ஒருவருக்காவது குறை தெரிந்ததா? குறையைத் தேடியவருக்குத்தான் குறை தெரிந்திருக்கிறது. ஆகவே குற்றம் தேடியவரிடம் இருக்கிறது. இதோ, சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெண், முகவரியில் எண்ணை மாற்றி உரிமையில்லாத பக்கங்களைத் திறந்ததாகத் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைப் பெற்று வந்தவர் நம் கார்த்திக்ராஜ். அந்தப் பெண்ணின் குடும்பத்து மனை தொடர்பான முகவரியை மட்டும் முழுமையாகச் சரிபார்க்கும்படி நிலக்கண்ணுக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். அதற்கு, அந்த மனைக்கு அதிக முத்திரை பெற்ற தாள் எதுவோ, அதில் உள்ள வட்டத்தையே தாய் வட்டமாகப் பதிந்திருக்கிறோம். மற்ற முகவரிகளையும் அப்படிச் சரிபார்த்தால் இதுவரை நாம் குத்திய முத்திரைகளை அவமதித்ததாகிவிடும். அரசு தன் முத்திரையைத் தானே சந்தேகிக்கலாமா?"

இந்த முறை பஞ்சம்மாள் தட்டவில்லை. பக்கத்தில் மலையம்மாள் தட்டினாள். மகளைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

வாசலில் கார்த்திக்ராஜ் சால்வையோடு எதிர்ப்பட்டான். பஞ்சம்மாளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"அண்ணே..."

"என்னை என்ன செய்யச் சொல்ற? புரோகிராம் தப்புன்னு ஒத்துக்கிட்டா என் ஒப்பந்தமே போயிரும். உன்னை யாரு அவ்வளவு விவரமா எழுதச் சொன்னது?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சால்வையின் விளிம்பைப் பார்த்தான். "கொஞ்ச நாள் போகட்டும், தங்கச்சி. பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் கிருபாவதி கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "கோவிச்சுக்கிராத பஞ்சு. நம்பரை மாத்துற பிள்ளைன்னு பேராயிருச்சு. கஸ்டமர் எல்லாம் பயப்படுவாக." பஞ்சம்மாள் பாயில் பழகிய கீபோர்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதை மேஜையில் வைத்தாள். "ஐயோ, அதை நீயே வச்சுக்க, பழசுதான்" என்றாள் கிருபாவதி. பஞ்சம்மாள் எடுத்துக்கொள்ளவில்லை.

மார்கழி முடிய நாலு நாள் இருந்தது. நிலக்கண்ணில் புதிதாக எடுத்த நகல்தான் செல்லும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதை எடுத்து ஒப்படைத்துவிடலாம் என்று மலையம்மாள் விடாமல் இழுத்ததால், பஞ்சம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் ஆள் தெரியாத ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஆதித்தனும் வந்திருந்தார். தன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையான மனையை வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"என்னோடதை முதல்ல போட்டுப் பாரு மகளே. இந்தத் தடவையாச்சும் இல்லைன்னு சொல்லுதான்னு பாப்போம்."

வட்டம் 1, ஊர் 41, மனை 12. பஞ்சம்மாள் அடித்தாள். திறந்தது. பெரியகுளம் வட்டம், கரட்டுப்புதூர். பக்கத்தின் அடியில் புதிதாக, 'முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வேறு வந்திருந்தது. ஆதித்தன் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

5 போட்டாள். திறந்தது. பச்சை எழுத்து. ஆறு மனை ஊரில் முந்நூறாம் மனை. திறந்தது. பச்சை எழுத்து. மாவட்டத்தில் எந்தப் பொய்யைக் கேட்டாலும் நிலக்கண் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றது.

கடைசியாக வட்டம் 3, ஊர் 41, மனை 12 என்று அடித்தாள். இருப்பதிலேயே உண்மையான முகவரி அது ஒன்றுதான். வேப்பமரமும் நாலு கல்லும் நிற்கிற இடம். கொஞ்ச நேரம் திரை வெள்ளையாக இருந்தது. பிறகு நடுவில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இணையதளத்தில் வேறெங்கும் அப்படி ஒரு வரியை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அதை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"சிவப்பா என்னமோ வந்திருக்கே. என்ன ஆத்தா போட்டிருக்கு?"

பஞ்சம்மாள் படித்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு இந்தத் தாய் இல்லை."

மலையம்மாளுக்கு முகம் சுருங்கியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எந்த எடுபட்டவன் சொன்னான் அப்படி?"

பெஞ்சிலிருந்து ஆதித்தன் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மிஷினில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். பஞ்சம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தாம்மா சொன்னேன்" என்றாள்.